சேனைக்கிழங்குக்கும் சேவலுக்கும் நடுவில் என் கிட்டார்

சர்ச்சில் பீடத்துக்குக் கீழே நீள மேஜை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அதன்மேல் வாழைக்குலை, தேங்காய், பலாப்பழம், பாட்டிலில் தேன். ஓரத்தில் மண்கூட உதிராத ஒரு பெரிய சேனைக்கிழங்கு. அதற்கு ஒரு முழம் தள்ளி, கால் கட்டிய சேவல் ஒன்று யாரையும் மதிக்காமல் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் என் கிட்டார்.

அன்று எங்கள் சபையில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. விடியும் முன்பே வந்து, சபை விருந்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நான். ஆராதனை மணி அடித்ததும் கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்தேன். கண்ணில் வெங்காயக் காரம் இன்னும் இருந்தது. அதனால் ஏதோ தப்பாகத் தெரிகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

தப்பில்லை. அயனி மரத்தின் அந்த மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம் வேறு யாரிடம் இருக்கிறது? அடிப்பக்கத்தில் ஒரு கறுப்புக் கம்பி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கரண்ட் போய்விட்டதால் நான் பற்றவைக்காமல் விட்ட கம்பி.

ஆண்கள் பக்கம் பார்த்தேன். என் கணவர் எட்வின், சரிகை மின்னும் கசவுக்கரை வேட்டியில், என்னைப் பார்த்துச் சிரித்தார். புருவத்தை வேறு உயர்த்தினார். எப்படி என் வேலை என்று அர்த்தம்.

உள்ளங்காலில் பிடித்த எரிச்சல் உச்சந்தலைவரை ஏறியது. மூன்று பாட்டு, ஒரு பிரசங்கம், நீண்ட ஜெபம் முடியும்வரை அப்படியே எரிந்துகொண்டிருந்தேன்.

இந்த வயதில் எதுக்கு?

போன வாரம் இந்தப் பத்தியில், பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு பழைய சினேகிதி போனில் கேட்டாள், "இப்போவும் அந்தச் சால்டரிங் சூட்டுக்கோலை விடல்லியா நீ?" விடவில்லை. விட்டிருந்தால் இந்த வாரத்துக் கதை இல்லை.

ஐம்பது வயது தாண்டிய ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து எலெக்ட்ரிக் கிட்டார் செய்கிறாள் என்றால் நம் ஊரில் முதல் கேள்வி, "எதுக்கு?" பக்கத்து வீட்டுக்காரர் பழைய ஜீப் ஒன்றை வாங்கி முற்றத்தில் நிறுத்தி, தினமும் கழுவுகிறார். அது ஓடி நான் பார்த்ததில்லை. அவரிடம் யாராவது எதுக்கு என்று கேட்டார்களா? இன்னொருவர் பேச்சிப்பாறைக்கு வாரம் தவறாமல் தூண்டிலோடு போய், மீனை மார்த்தாண்டம் சந்தையில் வாங்கிக்கொண்டு வருகிறார். அவரிடமும் கேட்கமாட்டார்கள். என்னிடம் மட்டும் எல்லாருக்கும் பதில் வேண்டும்.

ஆசை. அதுதான் பதில். ஹாஸ்டலில் படித்தபோது கொஞ்சம் வாசிப்பேன். வாங்க வேண்டுமென்றால் நாகர்கோவிலில் கடை இருக்கிறது. ஆனால் தாமிரக் கம்பியைச் சுற்றி, காந்தத்தை வைத்து, தந்தியின் நடுக்கத்தைச் சத்தமாக மாற்றும் வித்தையைத்தான் நான் ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதை ஒரு தடவையாவது எனக்காகச் செய்து பார்க்க வேண்டாமா?

மரம் எங்கள் பறம்பிலேயே, வீட்டையொட்டிய தோட்டத்திலேயே கிடைத்தது. ஒரு மழையில் சாய்ந்த அயனி, பலா ஜாதி மரம். மரமில்லில் அறுத்து, காயவைத்து, உடலை வெட்டினேன். கழுத்துக்கு, இடித்துக் கட்டிய என் அப்பா வீட்டில் மிஞ்சிய தேக்குக் கதவுநிலை. தந்தியின் நடுக்கத்தைப் பிடிக்கும் பிக்கப் மூன்றையும் நானே கையால் சுற்றினேன். நூல்போன்ற கம்பி. தும்மினால் அறும். அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனை தடவை தும்மினேன் என்று கேட்காதீர்கள்.

புகையில் தொங்கியது

மரவேலையைவிட மேல்பூச்சு வேலைதான் என் உயிரை வாங்கியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சீலர் அடித்து, அது காய்ந்ததும் மறுபடி தேய்த்து, பிறகு பளபளப்புக்கு லேக்கர். மெல்லிசாக அடிக்க வேண்டும். ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் ஆரஞ்சுத் தோல்போலச் சுருங்கும்.

நான் லேக்கர் அடித்தது ஜூன் மாதத்து இடவப்பாதி மழைக்காலம். ஈரக்காற்றில் லேக்கர் அடித்தால் மேலே வெள்ளையாகப் பனி படர்ந்துவிடும். படர்ந்தது. நல்ல வெயில் வரட்டும், தின்னர் கலந்து மெல்ல அடித்து எடுத்துவிடலாம் என்று கொடியில் தொங்கவிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் கொடியில் இல்லை.

"காயட்டுன்னு பொகப்பொரையில போட்டிருக்கேன்," என்றார் எட்வின், பெருமையாக.

எங்கள் மாவட்டத்தின் மேற்குத் தாலுகாக்காரர்களுக்குப் புகைப்புரை என்ன என்று சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கும் சின்ன அறை அது. உரித்த தேங்காய்த் தொண்டும் சிரட்டையும் எரியும். வளைகுடாவிலிருந்து திரும்பியபிறகு எட்வினுக்கு ரப்பர்தான் தொழில். அவருக்கு உலகத்தில் ஈரமான பொருள் எதுவானாலும் அதற்கு ஒரே மருந்து புகைப்புரை. மழைக்காலத்தில் என் உள்பாவாடைகளையும் அங்கே தொங்கவிட்டு, நான் கருவாடுபோல மணத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனது உண்டு.

ஓடிப்போய்த் திறந்தேன். ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவில், இளகிய லேக்கரில் கரி ஒட்டி, என் கிட்டார்.

"என்னட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"நீ வேலைக்குப் போயிட்ட. மழை வந்துது. ஒதவிதானே செய்தேன்!"

உதவி! இந்த மனிதருக்குக் கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. அதுதான் பெரிய தொல்லை. கெட்ட எண்ணம் இருந்தால் சண்டை போட்டு ஜெயிக்கலாம். நல்ல எண்ணத்தோடு எப்படிச் சண்டை போடுவது? மொத்தப் பூச்சையும் சுரண்டி எடுத்து, வெறும் மரத்திலிருந்து மறுபடி தொடங்கினேன். அவர் பக்கத்தில் நின்று, "புகைக் கலரும் ஒரு அழகாத்தான் இருந்துது," என்றார். நல்லவேளை, நான் திரும்பவில்லை. கையில் சுரண்டும் தகடு இருந்தது.

முதல் காய்ப்பு

எங்கள் சபையில் எதிலும் முதலாவது ஆண்டவருக்கு. புதுத் தென்னையின் முதல் குலை, பசுவின் முதல் பால், கோழியின் முதல் முட்டை. அறுப்பின் பண்டிகையன்று எல்லாவற்றையும் சர்ச்சுக்குக் கொண்டுவந்து படைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு முட்டை ஒரு கோழியின் விலைக்குப் போகும். யாரும் முட்டைக்காக எடுப்பதில்லை. எடுத்தவரே திரும்பக் கொடுப்பதும், அதே பொருள் மறுபடி ஏலத்துக்கு வருவதும் உண்டு.

இந்த வழக்கத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் முதல் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அப்பா கையில் கொடுத்தேன், அவர் பிரிக்காமல் சர்ச்சில் வைத்தார். சந்தோஷமாகவே கொடுத்தேன். ஆனால் கொடுத்தது நான். என் கையால் கொடுத்தேன்.

இங்கே நடந்தது என்ன? காலையில் சர்ச் ஊழியர் ஆட்டோவோடு வீடு வீடாகப் பொருள் சேர்க்க வந்திருக்கிறார். நான் வீட்டில் இல்லை. எட்வின் யோசித்திருக்கிறார். நம்ம பறம்பு மரம், நம்ம வீட்டில் முதலில் செய்த கிட்டார், ஆகவே முதற்பலன். என் மேஜையிலிருந்து எடுத்து, துடைத்து, ஆட்டோவில் வைத்துவிட்டார்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை. நான் சர்ச்சுக்குப் போகிறவள்தான். இருந்தாலும் இந்த விஷயத்துக்குப் பிள்ளையாரைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அலறல்

ஏலம் விடுகிறவர் சபைச் செயலாளர் தாசையன். நல்ல குரல். வாழைக்குலை போயிற்று, தேன் போயிற்று. பிறகு என் கிட்டாரின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார், சேவலைத் தூக்குவதுபோல.

"அடுத்தது! நம்ம எட்வின் அண்ணன், சொந்தப் பறம்பில நின்ன அயனி மரத்தில, சொந்தக் கையால உண்டாக்கின கிட்டாரு! முதற்பலன்!"

சொந்தக் கையாலயா? எந்தக் கையால்? நான் எழுந்துவிட்டேன்.

"உண்டாக்கினது நானு."

தாசையன் மைக்கிலேயே சிரித்தார். "எல்லாம் ஒண்ணுதானே சிஸ்டர்! புருசனும் பெஞ்சாதியும் ஒரே மாம்சம் இல்லியா?"

சபை முழுக்கச் சிரித்தது. ஒரே மாம்சம் என்றால், சால்டரிங் அயர்ன் என் விரலைச் சுட்டபோது எட்வினுக்கும் கொப்புளம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் அப்போது கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் கேக்கணுமே, வாசிச்சுக் காட்டுங்க," என்று யாரோ கூவினார்கள். மைக்செட் ஷிபு ஒயரைக் கொண்டுவந்து செருகினார். நான் "வேண்டாம்" என்று சொல்வதற்குள் ஸ்பீக்கரிலிருந்து வந்தது ஓர் அலறல். ர்ர்ர்ர் என்று, மாவுமில்லுக்குள் தலையை விட்டதுபோல. குழந்தைகள் அழுதன. சேவல் கட்டோடு எகிறியது.

அந்தத் தொங்கும் கம்பிதான் காரணம். தந்திகளை எர்த்தோடு சேர்க்கும் கம்பி அது. அதைப் பற்றவைக்காவிட்டால், கட்டடத்தில் ஓடுகிற கரண்டின் இரைச்சலையெல்லாம் கிட்டார் வாங்கி வெளியே கொட்டும். ஐந்து நிமிட வேலை. ஞாயிறு மத்தியானம் செய்துமுடித்து, முதல் ஸ்வரத்தை நான் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று இருந்தேன். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் காத்திருந்தேன். அதைத்தான் ஊரே சேர்ந்து சிரித்துக்கொண்டே கேட்டது.

"பேய் கேறிட்டு போல!" என்றார் ஒருவர்.

"உண்டாக்கத் தெரியல்லேன்னா கடையில வாங்கணும்," என்றார் இன்னொருவர்.

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை. முன்னால் போய் மேஜைப் பக்கத்தில் நின்றேன்.

"தாசையண்ணே, ஒண்ணு கேக்கேன். வெளையாத வாழைக்கொலைய வெட்டிக் கொண்டு வந்து முதற்பலன்னு இதில வைப்பாவளா?"

"அதெப்படி? வைக்கமாட்டாவ."

"இது இன்னும் வெளையல்ல. வேல பாக்கி கெடக்கு. அதான் கத்துது. அதுக்க சொந்தக்காரிக்கிட்ட கேக்காம எடுத்துட்டு வந்தாச்சு."

சிரிப்பு நின்றது. எல்லாரும் போதகர் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து, அமைதியாக, "அம்மா, ஆண்டவர் பொருளைப் பாக்கிறதில்ல. மனசைப் பாக்கிறார்," என்றார்.

பார்த்தால் நல்லது. என் மனசை அப்போது ஒரு எட்டு எட்டிப் பார்த்திருந்தால், மேஜையோடு சேர்த்து எல்லாரும் தள்ளி நின்றிருப்பார்கள்.

அன்பளிப்பு

ஏலம் நடந்தது. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஜெயசிங் எடுத்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். எடுத்தவர் கிட்டாரோடு நேரே என்னிடம் வந்தார். நெஞ்சில் கைவைத்தார்.

"அக்கா கண்ணுல தண்ணி வந்துட்டு. பாத்துட்டு நிக்க முடியல்ல. இதை அக்காக்கே என் கிஃப்டா தாரேன்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. நாலு பேர் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "அக்கா, ஒரு கையை இப்படி வைங்க, கொஞ்சம் சிரிங்க." அவர் கொடுப்பதுபோலவும் நான் வாங்குவதுபோலவும் படம் எடுக்க வேண்டுமாம்.

கை தட்டியவர்களில் என் கணவரும் ஒருவர்.

என் மரவேலை, என் பூச்சு, என் கம்பி. அதை என்னிடமிருந்து எடுத்து, இன்னொருவர் பெயரில் ஏலம்போட்டு, மூன்றாமவர் எனக்குத் தானம் பண்ணுகிறார். நான் சிரிக்க வேண்டும். நன்றி சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க அந்தக் கிட்டாரை எடுக்கும்போதெல்லாம், ஜெயசிங் கொடுத்தது என்று ஊர் சொல்லும்.

"தம்பி, உனக்க நல்ல மனசு எனக்குத் தெரியும்," என்றேன். "ஆனா எனக்க சாமானத்த எனக்கு யாரும் தானம் தரண்டாம்."

அவர் முகம் சுருங்கியது. எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் வாங்கவில்லை. கிட்டாரை அவர் மறுபடி ஏலத்துக்கு என்று மேஜையில் வைத்தார்.

தாசையன் தலையைச் சொறிந்தார். "அப்போ இப்போ என்ன செய்யியது சிஸ்டர்?"

அதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன்.

"பறம்பில வெளஞ்சது மரம். குடுத்ததும் அந்த மரம்தான். அது இங்க இருக்கட்டு. மத்தது என்னுது, நான் கொண்டு போறேன். ஷிபு, ஒரு திருப்புளி தா."

கழற்றியது

ஷிபு தயங்கித் தயங்கித் திருப்புளியைக் கொடுத்தார். நான் மேஜையில் வைத்தே கழற்றத் தொடங்கினேன். முதலில் தந்திகளைத் தளர்த்தினேன். ஒவ்வொன்றும் முனகிக்கொண்டு இறங்கியது. பிறகு கிட்டாரைக் குப்புறப் போட்டுக் கழுத்தின் திருகாணிகள். தேக்கு மரம் லேசில் விடாது. வியர்த்துக் கொட்டியது. கழுத்து வந்தது. அதன்பின் பிக்கப்புகள் பொருத்திய முகப்புத் தகடு, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ், கடைசியாக அந்தப் பாழாய்ப்போன கம்பி.

எட்வின் பக்கத்தில் வந்துவிட்டார். "ஏட்டி, எல்லாரும் பாக்கியாவ."

"பாக்கட்டு."

"வீட்டில போய்ப் பேசுவோம்."

"காலைல வீட்டிலதானே இருந்தீங்க? அப்போ பேசியிருக்கலாம்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்போதுதான் முழுசாக இறங்கியது. காலையிலிருந்து நடந்ததெல்லாம் என்ன என்று அந்த நேரத்தில்தான் அவருக்குப் பிடிபட்டது என்று நினைக்கிறேன். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

கழற்றியதையெல்லாம் என் பையில் போட்டேன். மேஜையில் வெறும் உடல் மிஞ்சியது, குழிகளோடு. ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த உடலை விட்டுவிட்டு வர எனக்கு மனசே வரவில்லை. இரண்டு முறை பூச்சு போட்டு, விரல்ரேகை தேயத் தேய்த்தது. ஆனால் அரைக்கு அரையாவது என் பெயரில் மிஞ்சட்டும் என்று வீம்பு.

"இனி இதை என்னன்னு சொல்லி ஏலம் விடியது?" என்று தாசையன் மைக்கை மூடிக்கொண்டு கேட்டார்.

"பலகைன்னு சொல்லுங்க."

"பலகை ஒண்ணு!" என்று பாவம், அவரும் சொன்னார். யாரும் விலை கேட்கவில்லை. பிறகு ஆண்கள் பக்கம் ஒரு கை உயர்ந்தது.

எட்வினின் கை.

படைத்தவனே எடுக்கிற வழக்கம் எங்கள் சபையில் இல்லை. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குகிறவன் என்ற பேச்சு வரும். வந்தது. "குடுத்தவனே எடுக்கியானே, நல்ல கூத்து!" என்று ஒரு பெரியவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். விளையாட்டுக்கு இரண்டு பேர் ஏலத்தை ஏற்றிவிட்டார்கள். எட்வினின் காதெல்லாம் சிவந்துவிட்டது. கையை மட்டும் இறக்கவில்லை. மூன்று தரம் சொல்லும்வரை இறக்கவில்லை.

வீட்டில்

விருந்துக்கு இருக்காமல் கிளம்பினோம். ஸ்கூட்டரில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த உடல்.

வீட்டுக்கு வந்ததும் நான் பையை என் வேலைமேஜையில் கொட்டினேன். அவர் உடலோடு வாசலிலேயே நின்றார். வழக்கமாக நேரே வந்து அதைத் தன் இஷ்டத்துக்கு எங்காவது வைத்திருப்பார். வைக்கவில்லை. வேட்டி நுனியால் அதன் மேல் இருந்த சேனைக்கிழங்கு மண்ணைத் துடைத்தார்.

"இது நான் வாங்கினது," என்றார்.

"செரி."

"உனக்கு வேணுமாட்டி?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் என்னிடம் கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றதை நான் பார்த்ததில்லை. கேட்டால், கேட்கும்போதே பாதி வேலை முடிந்திருக்கும். இப்போது நின்றார். இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டு, வாசற்படிக்கு வெளியே.

வாயில் வந்த "ஆமா"வை விழுங்கினேன்.

"யோசிச்சுச் சொல்லுகேன்."

"எப்போ சொல்லுவ?"

"அதையும் யோசிச்சுச் சொல்லுகேன்."

இந்த வாரம்வரை உடல் அவர் அலமாரியில் இருக்கிறது, வேட்டிகளுக்கு நடுவில். கழுத்தும் கம்பிகளும் என் மேஜையில் இருக்கின்றன. சேர்த்து மாட்ட அரைமணி நேரம் போதும். அந்த முதல் ஸ்வரத்தைக் கேட்க எனக்கும் கை பரபரக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு நாள் காலையிலும், காபியை வைத்துவிட்டு, "முடிவு செய்திட்டியா?" என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, நான் வாய் திறக்கும்வரை நிற்கிறார்.

நிற்கட்டும். கேட்டுப் பழகட்டும்.